கணுக்காலில் 1.22, கட்டைவிரலில் 28: ஒரு பால்வெட்டுத் தொழிலாளியின் கால்

அப்பாவின் கால்விரலில் ஆக்சிமீட்டரை மாட்டிப் பார்த்தது மகன்தான். கோவிட் சமயத்தில் வாங்கி, பிறகு அலமாரியில் கிடந்த கருவி. இடது கால் கட்டைவிரலில் 96 காட்டியது. வலது கால் கட்டைவிரலில் இரண்டு கோடுகள் மட்டும். பேட்டரியை மாற்றிப் பார்த்தார், அதே கோடுகள். "எங்க அப்பாக்க வலது காலுல மட்டும் மிஷின் காட்டமாட்டேங்குது சாரே" என்றுதான் என் முன்னால் உட்கார்ந்து பேசத் தொடங்கினார்.

வீட்டில் இருக்கும் ஆக்சிமீட்டரை வைத்துக் கால் ரத்த ஓட்டத்தைத் தீர்மானிக்கக் கூடாது. நகம் தடித்திருந்தால், விரல் குளிர்ந்திருந்தால், கிளிப் சரியாக உட்காராவிட்டால்கூட அது கோடுதான் காட்டும். ஆனால் ஒரே ஆளின் ஒரு காலில் எண் வருகிறது, மறு காலில் ஐந்து தடவை முயன்றும் வரவில்லை என்றால் அதைத் தள்ளிவிடவும் முடியாது. அந்தக் கருவி முதலில் தேடுவது ஆக்சிஜனை அல்ல, துடிப்பை. துடிப்பு கிடைத்தால்தான் கணக்கே தொடங்கும்.

அப்பாவும் மகனும் சம்மதித்த பிறகே இதை எழுதுகிறேன். பெயரையும் ஊரையும் விட்டுவிட்டேன். குலசேகரம் பக்கம் என்று மட்டும் சொன்னால் போதும். நான் மார்த்தாண்டத்துக்கு அருகில் சுகர் நோயாளிகளைப் பார்க்கிற மருத்துவன்.

வந்தபோது இருந்த நிலை

வயது 61. சுகர் 16 வருடமாக, பி.பி. 11 வருடமாக. முப்பது வருடத்துக்கு மேல் ரப்பர் பால்வெட்டு. விடியும் முன்னே தலையில் லைட்டைக் கட்டிக்கொண்டு கிளம்பி, முந்நூறு மரத்துக்கு மேல் வெட்டி, வெயில் ஏறுவதற்குள் சிரட்டைப் பாலை எடுத்து முடிக்கிற வேலை. பீடியை நான்கு வருடத்துக்கு முன் விட்டுவிட்டார். மூன்று மாதச் சராசரி சுகரைக் காட்டும் எச்.பி.ஏ.1.சி 9.4. சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின் 1.5.

ஆனி மாத மழையில் பாம்புக்கும் அட்டைக்கும் பயந்து கம்பூட் போட்டிருக்கிறார். அதற்குள் காய்ந்த ஒட்டுப்பால் ஒரு துண்டு, புளியங்கொட்டை அளவுக்கு, கட்டியாகக் கிடந்திருக்கிறது. காலை நேரம் முழுவதும் அது வலது கால் சுண்டுவிரலை வெளிப்பக்கமாக அழுத்தியிருக்கிறது. அவருக்குத் தெரியவே இல்லை. பூட்டைக் கழற்றியபோது சாக்ஸ் நனைந்திருந்தது. மழைத் தண்ணீர் என்று நினைத்துக் கழற்றிப் போட்டுவிட்டார். துவைக்க எடுத்த மனைவிதான் ரத்தத்தைப் பார்த்தார். "இவியளுக்குக் காலு வேற யாருக்கோ உள்ளது மாதிரி சாரே" என்று அந்த அம்மா சொன்னார். நரம்பு கெட்ட பாதத்தை இதைவிடச் சரியாக நான் எந்த வகுப்பிலும் கேட்டதில்லை.

ஐந்து வாரம் வேறு ஓரிடத்தில் கட்டுப் போட்டார்கள். ஆன்ட்டிபயாட்டிக் இரண்டு முறை மாற்றினார்கள். காயம் சுருங்கவில்லை. கணுக்கால்-கை ரத்த அழுத்த விகிதத்தையும் எடுத்திருந்தார்கள்: வலது 1.18, இடது 1.16. சீட்டில் "ரத்த ஓட்டம் நார்மல்" என்று எழுதியிருந்தது. அந்த விகிதத்தை எடுத்ததே பெரிய விஷயம். நம் பக்கம் பல இடங்களில் அதுகூட நடப்பதில்லை. ஆனால் அந்த ஒரு வார்த்தையால் ஐந்து வாரம் போயிற்று. அந்த ஐந்து வாரத்தை நினைத்தால் இப்போதும் எனக்கு மனசு ஆறவில்லை.

கைக்கு ஏமாற்றுகிற கால்

தொட்டுப் பார்த்தால் கால் வெதுவெதுப்பாக இருந்தது. புறங்காலில் சிரைகள் புடைத்திருந்தன. ரத்தம் வராத கால் குளிர்ந்து வெளிறி இருக்கும் என்றுதான் படித்திருக்கிறோம். சுகர் நீண்ட நாள் இருப்பவர்களிடம் அந்தப் பாடம் பல நேரம் பொய்த்துவிடும். தோலின் சிறு நாளங்களை இறுக்கிப் பிடிக்கும் தன்னியக்க நரம்புகளும் கெட்டுவிடுவதால், ரத்தம் நுண்குழாய்களுக்குள் போகாமல் குறுக்குவழியில் தமனியிலிருந்து நேரே சிரைக்குப் போய்விடுகிறது. கால் சூடாக இருக்கும். தோலுக்கு வேண்டிய ஆக்சிஜன் மட்டும் வந்திருக்காது.

"நடந்தா கெண்டைக்கால் பிடிக்குமாண்ணே?" என்று கேட்டேன். "ஒண்ணும் இல்ல சாரே, குன்னு ஏறி இறங்குதேன்" என்றார். வலியைச் சொல்ல வேண்டிய நரம்பே மரத்துப் போயிருக்கும்போது இந்தப் பதிலை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. தொடு உணர்வைச் சோதிக்கும் நைலான் இழையான பத்து கிராம் மோனோஃபிலமென்டால் பத்து இடத்தில் தொட்டோம். ஏழு இடத்தில் தெரியவில்லை. கணுக்காலுக்குப் பின்னால் நாடி பார்த்தேன். ஏதோ துடிக்கிற மாதிரி இருந்தது. அது அவர் காலின் துடிப்பா என் விரல் நுனியின் துடிப்பா என்று நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை. சரி, கையை நம்ப வேண்டாம், அளப்போம் என்று முடிவு செய்தேன்.

எங்கள் கருவியில் வலது விகிதம் 1.22. முன்பு எடுத்தவர்கள் தப்பாக எடுக்கவில்லை. 1.00 முதல் 1.40 வரை இயல்பு, 0.90-ம் அதற்குக் கீழும் வந்தால் அடைப்பு என்பதுதான் எல்லோரும் வைத்திருக்கும் கணக்கு. சிக்கல் கணக்கில் இல்லை, குழாயில்.

ரத்த அழுத்தப் பட்டை எப்படி வேலை செய்கிறது? காற்றடித்து நாளத்தை நசுக்குகிறது. எந்த அழுத்தத்தில் ஓட்டம் நிற்கிறதோ அதைச் சொல்கிறது. நாளம் சைக்கிள் டியூப் மாதிரி நெகிழ்வாக இருந்தால் இது சரி. நாளத்தின் நடுச்சுவரில் சுண்ணாம்பு படிந்து பி.வி.சி. பைப் மாதிரி ஆகிவிட்டால், உள்ளே எவ்வளவு குறைவாக ஓடினாலும் பைப்பை நசுக்க அதிக காற்று வேண்டும். பட்டை அளப்பது ரத்தத்தின் அழுத்தத்தை இல்லை, பைப்பின் விறைப்பை. ஜெர்மானிய மருத்துவர் மோன்கெபெர்க் இந்தச் சுண்ணாம்புப் படிவை விவரித்தது 1903-ல். விகிதம் 1.40-ஐத் தாண்டினால் பைப் விறைத்துவிட்டது என்று எல்லோருக்கும் தெரிந்துவிடும். இவரைப் போல அடைப்பும் விறைப்பும் சேர்ந்து இருந்தால்தான் ஆபத்து: அடைப்பு எண்ணைக் கீழே இழுக்கிறது, விறைப்பு மேலே தள்ளுகிறது, எண் நடுவில் "நார்மல்" என்ற இடத்தில் வந்து நிற்கிறது.

பாத எக்ஸ்ரேயில் அது அப்படியே தெரிந்தது. முதல் இரண்டு விரல் எலும்புகளுக்கு நடுவே, மெல்லிய ரயில் தண்டவாளம் போல இரண்டு வெள்ளைக் கோடுகள். அவ்வளவு தெளிவாக நாளம் எக்ஸ்ரேயில் தெரியவே கூடாது. சுண்டுவிரல் எலும்பின் நுனி அரித்திருந்தது.

ரத்தம் ஓடும் சத்தத்தைக் கேட்கவைக்கும் டாப்ளர் பென்சிலைக் கணுக்காலில் வைத்தபோது, நல்ல நாளத்தில் கேட்கிற மூன்று தட்டுச் சத்தம் இல்லை. மரங்களுக்கு நடுவே காற்று போகிற மாதிரி நீளமாக ஒரே "உஸ்".

விரலில் ஒளி, தோலில் சூடு

கணுக்கால் நாளம் விறைத்தாலும் விரல் நாளங்களில் இந்தச் சுண்ணாம்பு பெரும்பாலும் படிவதில்லை. அதனால் அழுத்தத்தை விரலிலேயே எடுக்க வேண்டும். கட்டைவிரலின் அடியில் மோதிரம் போல ஒரு சின்னப் பட்டை, நுனிச் சதையில் ஓர் ஒளி சென்சார். சென்சார் அகச்சிவப்பு ஒளியை உள்ளே அனுப்புகிறது. ஒவ்வொரு துடிப்புக்கும் ரத்தம் கூடிக் குறைவதால் திரும்பி வரும் ஒளி கூடிக் குறைகிறது. திரையில் அலை ஓடுகிறது. பட்டையை ஊதினால் அலை படுத்துவிடும். மெதுவாகக் காற்றை விட, எந்த அழுத்தத்தில் அலை மறுபடி எழுகிறதோ அதுவே விரலின் அழுத்தம். 1937-ல் ஹெர்ட்ஸ்மன் இந்த ஒளி முறையை விவரித்தார். 1974-ல் ஜப்பானில் தக்குவோ அவோயாகி பல்ஸ் ஆக்சிமீட்டரை உருவாக்கியதும் இதே ஒளியின் ஏற்ற இறக்கத்தை வைத்துத்தான்.

முதல் தடவை நாங்கள் சொதப்பினோம். அன்று நல்ல மழை. அவர் நனைந்த காலோடு வந்தார். அறையில் ஏ.சி. ஓடிக்கொண்டிருந்தது. வலது விரலில் அலையே எழவில்லை, இடது விரலில்கூட நூல் மாதிரி மெலிந்த அலை. குளிரில் விரல் நாளங்கள் சுருங்கும். அப்போது எடுத்தால் நல்ல காலும் கெட்ட கால் ஆகிவிடும். ஏ.சி.யை அணைத்து, காலைத் துடைத்து, கம்பளி போர்த்தி, அரை மணி நேரம் படுக்கவைத்தோம். அந்த அம்மா பிளாஸ்கிலிருந்து கட்டன் சாயா ஊற்ற எழுந்தார்; சாயாவும் நாளங்களைக் கொஞ்சம் மாற்றும், அளந்து முடியட்டும் என்று நர்ஸ் தடுத்தார். கால் உலர்ந்து சூடான பிறகு எடுத்த எண்: வலது 28 மில்லிமீட்டர், இடது 86. கையில் 148. விரல்-கை விகிதம் வலது 0.19, இடது 0.58. இயல்பு என்றால் 0.70-க்கு மேல் இருக்க வேண்டும். விரல் அழுத்தம் 30-க்குக் கீழே போனால் பாதத்தையே இழக்கும் ஆபத்து.

அடுத்து தோல்வழி ஆக்சிஜன். எனக்கு மிகவும் மரியாதை உள்ள அளவு இது. ரத்தம் வந்ததா என்று கேட்காமல், வந்த ரத்தம் தோலுக்கு எவ்வளவு ஆக்சிஜன் கொடுத்தது என்று கேட்கிறது. ஐந்து ரூபாய் நாணயத்தைவிடச் சிறிய மின்முனை; அதற்குள் பிளாட்டினமும் வெள்ளியும், மேலே மெல்லிய சவ்வு. 1956-ல் லேலண்ட் கிளார்க் செய்த ஆக்சிஜன் மின்முனையின் வாரிசு. 1970-களில் ஜெர்மனியில் ஹூக் தம்பதி பச்சிளம் குழந்தைகளுக்காக அதைத் தோலுக்குக் கொண்டுவந்தார்கள்.

சாதாரணமாகத் தோலின் மேற்பரப்பில் ஆக்சிஜன் ஏறக்குறைய இருக்காது. அதனால் மின்முனை தோலை 44 டிகிரி வரை சூடாக்குகிறது. நுண்குழாய்கள் முழுவதும் திறந்துகொள்ளும், தோலின் மேலடுக்கும் வாயுவுக்கு வழிவிடும். ஒட்டுவளையம் வைத்து, இரண்டு சொட்டு திரவம் விட்டு, மின்முனையைத் திருகிவிட்டுக் காத்திருக்க வேண்டும். பதினைந்து இருபது நிமிடம். பொறுமை இல்லாதவர்களுக்கு ஆகாத கருவி. எண் முதலில் சரசரவென்று இறங்கும், பிறகு மெல்ல ஏறி ஓரிடத்தில் நிலைக்கும். நிலைக்கும் முன் குறித்துக்கொண்டால் தப்பு.

ஒரு மின்முனையை நெஞ்சில் வைப்பது கட்டாயம். காலில் குறைவாக வந்தால் அது காலின் கோளாறா, நுரையீரலின் கோளாறா என்று அப்போதுதான் பிரித்துச் சொல்ல முடியும். அவருக்கு நெஞ்சில் 56. இடது புறங்காலில் 42. வலது புறங்காலில், காயத்துக்குத் தள்ளி வீக்கமில்லாத இடத்தில், 19. காலை முப்பது டிகிரி தூக்கியபோது 11. நாற்பதுக்குக் கீழே வந்தாலே காயம் ஆறச் சிரமப்படும். முப்பதுக்குக் கீழே என்றால் ஓட்டத்தைச் சரிசெய்யாமல் எந்தக் களிம்பும் வேலைக்காகாது.

மின்முனையை எடுத்ததும் தோலில் வட்டமாகச் சிவப்பு. "இது என்ன சாரே, சூடு வச்ச மாதிரி?" என்று அம்மா பதறினார். ஒரு நாளில் மறைந்துவிடும் என்றேன், மறைந்தது. ஆனால் அந்தப் பதற்றம் நியாயமானது. சூடு தெரியாத காலில் சூடு வைக்கிறோம். 44-ஐத் தாண்டக் கூடாது, ஒரே இடத்தில் நீண்ட நேரம் விடக் கூடாது, கண்ணால் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும்.

நம் தோலுக்கு வாய் திறக்காத கருவி

இன்னொரு சென்சாரையும் அவரிடம் முயன்றோம். தோல் ஒளிர்வை அளக்கும் கருவி, சில நாள் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுக்கலாம் என்று வந்திருந்தது. அதன் பின்னால் இருக்கும் எண்ணம் அழகானது. ஏத்தங்காய் சிப்ஸ் எண்ணெயில் பொன்னிறமாவது சர்க்கரையும் புரதமும் சூட்டில் ஒட்டிக்கொள்வதால். 1912-ல் மயார் என்ற பிரெஞ்சு வேதியியலாளர் விவரித்த வினை அது. சுகர் கூடிய உடம்பில் இதே வினை வருடக்கணக்கில் மெல்ல நடக்கிறது. தோலில் உள்ள கொலாஜன் என்ற புரதத்தில் பாதி மாறவே ஏறக்குறைய 15 வருடம் பிடிப்பதால் அந்த வினையின் கழிவு அதில் சேர்ந்துகொண்டே போகும். எச்.பி.ஏ.1.சி மூன்று மாதக் கதையைத்தான் சொல்லும். கொலாஜன் பல வருடக் கதையைச் சொல்லும். 370 நானோமீட்டர் அளவிலான புற ஊதா ஒளியை முன்கையில் பாய்ச்சினால் இந்தச் சேர்மங்களில் சில ஒளிரும். நெதர்லாந்தின் குரோனிங்கனில் உருவான முறை. ஒளிர்வு அதிகமானவர்களுக்கு இதய, ரத்தநாளச் சிக்கல்கள் அதிகம் என்று ஐரோப்பிய ஆய்வுகள் காட்டியிருக்கின்றன.

அவர் கையை வைத்தார். எண் வரவில்லை. தோல் திருப்பி அனுப்பும் ஒளி 6 சதவீதத்துக்குக் குறைவாக இருந்தால் அந்தக் கருவி அளவைத் தராது. மெலனின் அந்த ஒளியை உறிஞ்சிவிடுகிறது. கையைத் துடைத்து, உள்பக்கம் திருப்பி, மூன்று தடவை முயன்றோம். நான்காவது தடவை அவரே கையை இழுத்துக்கொண்டு, "கருத்த ஆளுக்கு ஓடாதோ சாரே?" என்று கேட்டார். எனக்குப் பதில் சொல்ல நாக்கு எழவில்லை.

இதை எழுதுவதற்குப் பாதிக் காரணம் அந்தக் கேள்விதான். ஆக்சிமீட்டரிலேயே இந்தக் கோளாறு உண்டு. கருப்பின நோயாளிகளிடம் ஆக்சிஜன் குறைவை அது தவறவிடுவது வெள்ளையரைவிட ஏறக்குறைய மூன்று மடங்கு அதிகம் என்று 2020-ல் அமெரிக்காவில் வெளிவந்த ஆய்வு ஒன்று காட்டியது. தோல் சென்சார் என்று யார் எதைக் கொண்டுவந்தாலும் நான் முதலில் கேட்பது இதுதான்: எந்த நிறத் தோலில் சோதித்தீர்கள்? நாள் முழுவதும் வெளியில் உழைக்கிறவர் கையில் ஓடாத கருவி குமரி மாவட்டத்துக்கு எதற்கு? விரல் அழுத்தம் எடுக்கும் ஒளி சென்சாரில் இந்தச் சிக்கல் குறைவு, ஏனென்றால் அது கால்விரலின் அடிச்சதையில் உட்காருகிறது. அங்கே நம் எல்லோருக்குமே நிறமி குறைவு. தோல்வழி ஆக்சிஜன் ஒளியையே நம்புவதில்லை. அது மின்வேதி முறை. ஆனால் அதற்கும் பலவீனங்கள் உண்டு. வீக்கத்தில் தப்பாகக் குறைத்துக் காட்டும், உள்ளங்காலின் தடித்த தோலில் பயன்படாது, சீழ் பிடித்த இடத்தில் வைக்கக் கூடாது.

குழாய் திறந்த பிறகு

ஸ்கேனில் தொடை நாளம் ஓரளவு நன்றாக இருந்தது. முழங்காலுக்குக் கீழே மூன்று நாளங்களில் இரண்டு அடைத்திருந்தன. சுகர்காரர்களிடம் பெரும்பாலும் காண்கிற அமைப்பு. திருவனந்தபுரத்துக்கு அனுப்பினோம். கிரியாட்டினினைக் கருதி மிகக் குறைந்த சாய மருந்தோடு, முன்பக்க நாளத்தைப் பலூனால் திறந்தார்கள். ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல், அதிக அளவு ஸ்டாட்டின், இன்சுலின் எல்லாம் தொடங்கியாயிற்று. கால் நாளம் இப்படி இருந்தால் இதயத்தையும் பார்த்தாக வேண்டும், ஈ.சி.ஜி., எக்கோ இரண்டும் எடுத்தோம்.

திரும்பி வந்த இரண்டாம் நாள் அளந்தோம். விரல் அழுத்தம் 28-லிருந்து 57. எல்லோருக்கும் சந்தோஷம். தோல்வழி ஆக்சிஜன் 23. மகனின் முகம் விழுந்துவிட்டது. "இவ்வளவு காசும் செலவாக்கி, ஆபரேஷன் கழிஞ்ச பிறகும் நாலுதான் கூடிச்சா சாரே?"

அது அப்படித்தான் வரும். குழாய் அன்றைக்கே திறக்கிறது. பட்டினி கிடந்த நுண்குழாய்கள் வேலைக்குத் திரும்ப மூன்று நான்கு வாரம் ஆகும். அதற்குள் அளந்துவிட்டு, சிகிச்சை தோற்றது என்று முடிவுகட்டி, காலை எடுத்துவிடுகிற தவறு நடக்கக் கூடியது. சுண்டுவிரல் எலும்பு கெட்டிருந்ததால் அதை எடுத்தே ஆக வேண்டும். சீழ் பரவியிருந்தால் காத்திருக்க முடியாது, இவருக்குப் பரவவில்லை. அதனால் ஆன்ட்டிபயாட்டிக்கோடு தோல் தேறும்வரை பொறுக்கலாம் என்று அறுவை மருத்துவரும் நானும் பேசி முடிவெடுத்தோம். முதல் வாரம் 29. இரண்டாம் வாரம் 36. அப்போது அந்த ஒரு விரலை மட்டும் எடுத்தார்கள். நான்காம் வாரம் 45. விரலை எடுத்த ஒன்பதாம் வாரத்தில் காயம் மூடியது.

தோல்வழி ஆக்சிஜன் கருவி விலை அதிகம், எல்லா இடத்திலும் வைக்க முடியாது. விரல் பட்டையும் ஒளி சென்சாரும் அப்படியில்லை. 10 கிராம் இழை இருக்கிற இடத்தில் அதுவும் இருக்கலாம். ஆக்சிமீட்டரையே கால்விரலில் மாட்டி, படுத்த நிலையிலும் ஓர் அடி தூக்கியும் பார்க்கிற முறையை 2005-ல் அமெரிக்காவில் 57 சுகர் நோயாளிகளிடம் சோதித்தார்கள். அடைப்பு இருந்தவர்களில் 77 சதவீதத்தினரை அது பிடித்தது. சின்ன ஆய்வுதான், நான்கில் ஒரு பங்கு நழுவிவிடும் என்றும் அதுவே சொல்கிறது. அதனால் எண் நன்றாக வந்தால் நம்பி விட்டுவிட வேண்டாம். எண் வராமல் கோடு வந்தால், கால் சூடாக இருக்கும்போது மறுபடி பார்த்துவிட்டு, மருத்துவரிடம் வாருங்கள். சுகர் இருப்பவர் காலில் இரண்டு வாரத்தில் சுருங்காத காயம் இருந்து, கணுக்கால் விகிதம் நார்மல் என்று சீட்டில் எழுதியிருந்தால், "விரல்ல பாத்தீங்களா?" என்று கேளுங்கள். மருத்துவர் கோபித்துக்கொள்ள மாட்டார். கோபித்தாலும் கேளுங்கள்.

அவர் இப்போது மரம் வெட்டப் போவதில்லை. ஷீட் அடிக்கிற புகைக்கூடத்தில் உட்கார்ந்து செய்யும் வேலை. பூட்டைக் கவிழ்த்துத் தட்டி, உள்ளே கைவிட்டுத் தடவிப் பார்க்கிற வேலையைப் பேத்தியிடம் ஒப்படைத்திருக்கிறார். இடது காலின் 0.58 இன்னும் அப்படியேதான் இருக்கிறது. காயம் இல்லை, வலி இல்லை, ஆனால் மூன்று மாதத்துக்கு ஒரு தடவை அளக்கிறோம். போன தடவை 84 மில்லிமீட்டர். அடுத்தது ஐப்பசி மழை தொடங்குவதற்கு முன்.